இரண்டாவது பெயர்

ரீச்சருக்கு ஒரு பதில் போதாது.

"பள்ளிக்கூடம் திடீரெண்டு விட்டால் பிள்ளையை ஆர் வந்து கூட்டிக்கொண்டு போவினம்?" என்று கேட்பார். "நான்தான் ரீச்சர்" என்றால் எழுதிக்கொள்வார். எழுதிய கையோடு, தலையை நிமிர்த்தாமலே, "நீங்கள் வராட்டி?" என்பார். "இவர் வருவார்." "அவரும் வராட்டி?" அந்த இடத்தில் எங்கள் ஊர்த் தாய்மாருக்குப் பற்றிக்கொண்டு வரும். குடும்பத்தில் ஒவ்வொருவராகச் சாகக் கொடுக்கச் சொல்லிக் கேட்பதுபோல இருக்கும். "ஏன் ரீச்சர் அபசகுனமாய்க் கதைக்கிறியள்?" என்று ஒருத்தி கேட்டேவிட்டாள். ரீச்சர் அதற்கும் கோபிக்கவில்லை. "சரி, இரண்டாவது பேரைச் சொல்லுங்கோ" என்றார்.

அந்த ஒருத்தி நான்தான்.

சாவகச்சேரியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு றோட்டில், வயல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது எங்கள் பள்ளிக்கூடம். என் சின்னவள் அப்போது நாலாம் வகுப்பு. ரீச்சர்தான் வகுப்பாசிரியர். வல்வெட்டித்துறைப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். மெலிந்த, உயரமான மனுசி. சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டுவார். பின்வார் வைத்த செருப்புத்தான் போடுவார். கழுத்தில் தாலிக்கொடி மாதிரி ஒரு கயிறு தெரியும். அதன் நுனியில் இருப்பது விசில். இந்தக் கோலத்தைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்புக்கு அளவில்லை. "ரீச்சர் ஓட்டப் போட்டிக்கு வெளிக்கிட்டிட்டா" என்று கேற்றடியில் நின்று பகிடி விடுவோம்.

பள்ளிக்கூடங்களில் அனர்த்த ஆயத்தக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும் என்பது மேலிடத்துக் கட்டளை. அநேகமான இடங்களில் அது ஒரு பலகையில் இருக்கும். பெயர்களை எழுதி, வர்ணம் பூசி, அதிபரின் அறைக்கு வெளியே மாட்டிவிடுவார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் மட்டும் அது ரீச்சரின் உருவத்தில் நடந்து திரிந்தது.

அவர் படிவம் கொடுத்த முதல் வருடம், அவசரத் தொடர்புக்கு என்று எங்களில் கனபேர் எழுதிக் கொடுத்தது வெளிநாட்டு நம்பர். கனடாவில் இருக்கும் மாமா, லண்டனில் இருக்கும் பெரியப்பா, பிரான்சில் இருக்கும் சித்தப்பா. எங்களுக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. வீட்டில் ஒரு முக்கியமான விசயம் என்றால் அவரைத்தானே கேட்கிறோம்? அவர் சொல்லாமல் எங்கள் வளவில் கோழிக்கூடுகூட இடம் மாறாது. அப்படிப்பட்ட மனிதரை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு மச்சாளின் பெயரை எழுதினால் அவருக்கு என்ன மரியாதை?

ரீச்சர் படிவங்களை வாங்கிக் கோவையில் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஒவ்வொரு நம்பருக்கும் தானே எடுத்துப் பார்த்தார். என் அண்ணைக்கு எடுத்தபோது கனடாவில் நல்ல நித்திரை நேரம். ஊரிலிருந்து அந்த நேரத்தில் போன் வந்தால் அங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான். அண்ணை எடுத்த உடனே "ஆர் செத்தது?" என்று கத்தியிருக்கிறார். "ஒருத்தரும் சாகேல்லை. நீங்கள் எவ்வளவு நேரத்திலை பள்ளிக்கூடத்துக்கு வந்து சேருவியள்?" என்று ரீச்சர் கேட்டிருக்கிறார். அண்ணை உடனே எனக்கு எடுத்து, "உங்கடை பள்ளிக்கூடத்திலை ஒரு விசர் இருக்குது" என்றார். நானும் ஓம் என்றேன்.

அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டு, எனக்கு முன்னாலேயே அண்ணையின் பெயரை அடித்தார். "சைக்கிளிலை வரக்கூடிய ஆளாய்ச் சொல்லுங்கோ." என் புருசன் வேலையோடு வவுனியாவில். ஆகவே பக்கத்து வீட்டு மச்சாளின் பெயரைக் கொடுத்தேன். இதை அண்ணைக்குச் சொல்லாமல் மறைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பள்ளிக்கூடத்துக்கு வெளியிலும் அவர் அப்படித்தான். சாவகச்சேரியில் ஒரு மண்டபத்தில் சாமத்தியவீடு, ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சடங்கு. நாங்கள் எல்லாரும் பந்தியில் இருந்துவிட்டோம். ரீச்சர் மட்டும் மண்டபத்தின் பின்பக்கம் போய்வந்து, வீட்டுக்காரரிடம், "பின்கேற்றுப் பூட்டிக் கிடக்குது. திறப்பு ஆரட்டை?" என்றார். அந்த மனிதர் பட்டுவேட்டியோடு வியர்த்துக்கொண்டு நின்றார். மண்டபத்து ஆளைத் தேடி, அந்த ஆள் இன்னொரு ஆளைத் தேடி, ஒருவழியாகத் திறப்பு வந்தது. பூட்டைத் திறந்து கேற்றைத் தள்ளிப் பார்த்த பிறகுதான் ரீச்சர் இலைக்கு முன்னால் இருந்தார். அதற்குள் பாயாசம் வந்துவிட்டது. அவருக்குப் பக்கத்தில் இருக்கிறதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன்.

ஏன் இப்படி ஆனார் என்பதற்கு ஊரில் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு கதை இருந்தது. புருசன் இல்லை, பிள்ளை இல்லை, அதனால் ஊர்ப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார் என்பது பெண்களின் முடிவு. நான் ஒரு நாள் பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் அகப்பட்டுக்கொண்டேன். கேட்டுத் தீர்ப்போம் என்று கேட்டேன்.

"சண்டைக் காலத்திலை ஒரு நாள் பள்ளிக்கூடத்தை அவசரமாய் விட்டது. அப்ப நான் படிப்பிக்கத் தொடங்கின புதுசு. ஒரு ஆள் வந்து, மாமன் எண்டு சொல்லி ஒரு பிள்ளையைக் கேட்டார். பிள்ளையும் சிரிச்சுக்கொண்டு நிண்டுது. குடுத்து விட்டனான்."

"பிறகு?"

"தாய் வந்தா. அப்பிடி ஒரு மாமன் இல்லையாம்."

அடுத்த பஸ்ஸுக்காகக் கொடிகாமத்தில் இறங்கும்போது ரீச்சர் குடையை எடுத்து, பையை எடுத்து, இருக்கையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். எனக்கு மனம் ஒரு மாதிரிப் போய்விட்டது. அந்த மாதிரி இரண்டு நாள் இருந்தது, அவ்வளவுதான். மூன்றாம் நாள் கேற்றடியில் மற்றவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

படிவத்தின் கடைசிக் கேள்வி பிள்ளையின் வருத்தங்களைப் பற்றியது. ஏதாவது நோய் உண்டா, மருந்து எடுக்கிறதா, எது ஒத்துக்கொள்ளாது. அதற்கு நான் எழுதியது "ஒன்றுமில்லை."

சின்னவளுக்குத் தொய்வு. மூச்சு இழுக்கும் வருத்தம். மூன்று வயதில் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டரிடம் காட்டி, வாயில் வைத்து அடிக்கிற பம்ப் வாங்கி வைத்திருந்தோம். அந்தப் பம்ப் என் அலுமாரியில், கூறைச்சேலைக்குப் பின்னால் இருந்தது. பக்கத்து வீட்டு மச்சாளுக்கும் தெரியாது. ஏன் இவ்வளவு ஒளிப்பு என்று வெளியூர் ஆட்கள் கேட்கலாம். எங்கள் ஊர் ஆட்கள் கேட்கமாட்டார்கள். மூத்தவளுக்குச் சுவிசில் ஒரு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தோம். சாதகம் பார்க்க முதலே புறோக்கர் கேட்கிற கேள்வி, "பரம்பரை வருத்தம் ஒண்டுமில்லைத்தானே?" என்பது. தங்கச்சிக்குத் தொய்வு என்றால் அக்காவுக்கும் வரும், அக்காவுக்கு வராவிட்டால் அவள் பிள்ளைக்கு வரும் என்று கணக்குப் போடுவார்கள். நான் வேறு வீடுகளுக்கு அப்படிக் கணக்குப் போட்டவள். அதனால் எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பற்றி விசாரிக்கப் போகிற ஆள் கோயில் தர்மகர்த்தா என்பதும் தெரியும். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல சொல் வரவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ரீச்சர் வீட்டுக்கே வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்கவில்லை.

"இவ ஓடினால் பாதியிலை நிண்டிடுறா. நிண்டால் தோள் ஏறி இறங்குது. ஏதும் இருக்கோ?"

"தடிமன் ரீச்சர். கிணத்துத் தண்ணி ஒத்துக்கொள்ளேல்லை."

"எழுதித் தந்தால் கடித உறையிலை போட்டு ஒட்டி வைப்பன். நான் மட்டும்தான் பாப்பன். அதிபருக்கும் காட்டமாட்டன், ஒருத்தருக்கும் சொல்லவும் மாட்டன்."

"ஒண்டுமில்லை ரீச்சர். இருந்தால் சொல்லமாட்டனோ?"

அவர் குடிக்காத தேத்தண்ணியை என் பக்கம் தள்ளிவிட்டு எழும்பினார். என்னை நம்பவில்லை என்பது தெரிந்தது. பொல்லாத மனுசி என்று அன்றைக்கு வாய்விட்டே திட்டினேன்.

பள்ளிக்கூட மதிலின் தெற்குப் பக்கம் ஒரு பெரிய வளவு. சொந்தக்காரர் லண்டனில். பற்றை மண்டி, ஆள் உயரத்துக்குப் புல் காய்ந்து கிடந்தது. ஊரில் அதைப் பார்த்துக்கொள்கிறவர் தர்மகர்த்தாதான். ரீச்சர் அவரிடம் போய், "ஐயா, அந்தப் புல்லை வெட்டுவியுங்கோ. எரிக்காதையுங்கோ" என்று சொல்லியிருக்கிறார். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். மூன்றாம் தரம் தர்மகர்த்தா, "ரீச்சர், நீங்கள் பிள்ளையளுக்குக் கணக்கைச் சொல்லிக் குடுங்கோ" என்றாராம்.

ரீச்சர் கடற்கரை ஊரில் பிறந்தவர். காற்றைப் பார்க்காமல் வெளிக்கிட மாட்டார். ஆபத்து நேரத்தில் பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற இடம் என்று ஒன்றை அல்ல, இரண்டை வைத்திருந்தார். வடகிழக்கிலிருந்து வாடை வீசும் மாதங்களுக்கு விளையாட்டு மைதானம். தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களுக்குக் கோயிலின் மேற்கு வீதி. மாதம் ஒரு தரம் விசில் ஊதிப் பிள்ளைகளை வரிசையாக நடத்திப் பழக்குவார். பெற்றோருக்கும் ஒரு துண்டு வந்தது. "ஏதும் நடந்தால் பள்ளிக்கூடக் கேற்றுக்கு வரவேண்டாம். குறித்த இடத்துக்கு வந்து, படிவத்தில் பெயர் உள்ளவர் கையொப்பமிட்டுப் பிள்ளையைப் பெற்றுக்கொள்ளவும்" என்று அதில் இருந்தது. நான் அந்தத் துண்டில் மிளகாய்த்தூள் மடித்து வைத்தேன்.

நல்ல சோளகக் காற்றுக் காலத்தில், பத்து மணி வெயிலில், தர்மகர்த்தாவின் ஆட்கள் வளவுக்கு நெருப்பு வைத்தார்கள்.

நான் அப்போது ஊரிலேயே இல்லை. மூத்தவளைச் சேலை உடுத்திக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் ஸ்ரூடியோவில் நின்றேன், சுவிசுக்கு அனுப்புகிற படத்துக்காக. போனைச் சத்தம் இல்லாமல் போட்டுக் கைப்பைக்குள் வைத்திருந்தேன். அன்றைக்கு நடந்ததைப் பிறகு பலர் சொல்லி அறிந்தேன். ஒருவர் சொன்னதும் மற்றவர் சொன்னதும் ரீச்சரின் விசயத்தில் மட்டும் ஒத்துப் போயின.

புகை மதிலுக்கு மேலால் வந்து வகுப்புகளை மூடியது. ரீச்சர் விசிலை ஊதினார். பிள்ளைகள் பழகினபடி வரிசையாக, மூக்கில் ஈரத் துணியோடு, மேற்கு வாசலால் கோயில் வீதிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு பிள்ளை குறையவில்லை. அவ்வளவும் சில நிமிசங்களில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் தொடங்கினோம்.

பள்ளிக்கூடம் எரிகிறது என்று யாரோ போனில் செய்தி போட்டுவிட்டார்கள். ஊர் முழுவதும் மோட்டார் சைக்கிளில் ஏறியது. எல்லாரும் போனது பள்ளிக்கூடக் கேற்றுக்கு. ஒருவரும் கோயில் வீதிக்குப் போகவில்லை. கேற்றடியில் தாய்மார் குழறுகிறார்கள், தகப்பன்மார் மதிலில் ஏறுகிறார்கள். தண்ணீர் பவுசர் ஒன்று வந்து, உள்ளே போக வழியில்லாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது. தர்மகர்த்தாவின் வான் றோட்டுக்குக் குறுக்கே நின்றது.

கோயில் வீதியில் சின்னவளுக்கு இழுக்கத் தொடங்கியது. புகை அவளுக்கு எமன். ரீச்சர் எனக்கு எடுத்தார். நான் மூத்தவளின் நெற்றிப்பொட்டைச் சரிசெய்துகொண்டு நின்றிருப்பேன். மச்சாளுக்கு எடுத்தார். மச்சாள் கேற்றடிச் சனத்துக்குள் நின்று குழறிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது கேட்கவில்லை. படிவத்தில் மூன்றாவது பெயர் இல்லை. பிள்ளையின் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியது. ரீச்சர், தனக்கு அடுத்த பொறுப்பு என்று முன்பே நியமித்திருந்த மற்ற ரீச்சரிடம் பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிட்டு, ஒரு ஓட்டோவை மறித்துப் பிள்ளையை ஏற்றினார்.

அந்த நேரம் பார்த்துத் தர்மகர்த்தா கோயில் வீதிக்கு வந்து சேர்ந்தார். தன் பேரனைக் கையில் பிடித்து இழுத்தார். ரீச்சர் ஓட்டோவில் ஒரு காலை வைத்தபடி, "ஐயா, உங்கடை பேர் பிள்ளையின்ரை படிவத்திலை இல்லை" என்றார்.

"என்ரை பேரனைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு உம்மடை ஃபோம் வேணுமோ?"

"ஓம் ஐயா. தாய்க்கு எடுத்தாச்சு, வாறா. அதுவரைக்கும் விடேலாது."

வீதியில் நின்ற பிள்ளைகளும் ரீச்சர்மாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தர்மகர்த்தாவை நாலு பேருக்கு முன்னால் வைத்து அப்படிச் சொன்ன ஆள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி கேற்றடியால்தான். மோட்டார் சைக்கிள்கள் விடவில்லை. ரீச்சர் இறங்கி, ஓட்டோவுக்கு முன்னால் விசிலை ஊதிக்கொண்டு நடந்திருக்கிறார். "விலத்துங்கோ, பிள்ளைக்கு மூச்சில்லை!" என்று கத்தியிருக்கிறார். அந்தச் சனத்தில் எங்கள் சொந்தக்காரர் எத்தனையோ பேர். உள்ளே கிடப்பது யாருடைய பிள்ளை என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. தங்கள் பிள்ளை உள்ளே எரிகிறது என்று நினைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, சின்னவளின் முகத்தில் மூடி வைத்து மருந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று டொக்டர் தொடங்கினார், என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் ரீச்சரின் காலில் விழுந்தேன். உண்மையாகவே விழுந்தேன். அவர் என்னைத் தூக்கிவிட்டு, "வீட்டிலை பம்ப் இருக்கோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"எங்கை?"

"அலுமாரிக்குள்ளை."

அவர் ஏசவில்லை. ஒரு சொல் ஏசியிருந்தால் எனக்குப் பிறகு வசதியாக இருந்திருக்கும். பையிலிருந்து ஒரு வெறும் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். நான் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து, அழுதபடி, எல்லாவற்றையும் எழுதினேன். தொய்வு, மூன்று வயதிலிருந்து, இன்ன பம்ப், புகை ஆகாது. கையொப்பமும் திகதியும் போட்டேன். அவர் அதை உறையில் போட்டு எனக்கு முன்னாலேயே ஒட்டினார். "நான் சொன்னது சொன்னதுதான். உங்களைக் கேளாமல் ஒருத்தருக்கும் காட்டமாட்டன்" என்றார்.

அடுத்த கிழமை ரீச்சருக்கு எதிராக மனு ஒன்று வீடு வீடாகப் போனது. அதிபரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் பிள்ளைகளை வீதிக்குக் கொண்டுபோனது. பெற்றோரையும் மூத்தோரையும் அவமதித்தது. புகைக்குள்ளால் நடத்தி ஒரு மாணவியை ஆபத்துக்கு உள்ளாக்கியது. பெற்றோரின் சம்மதம் இல்லாமல் அவளை வெளியே கொண்டுபோனது. நெருப்பை யார் வைத்தது என்பது பற்றி மனுவில் ஒரு வரியும் இல்லை. எங்கள் வீட்டுக்குத் தர்மகர்த்தாவே கொண்டுவந்தார். "சுவிஸ் ஆக்கள் நேற்றுத்தான் எனக்கு எடுத்தவை" என்றார். "நல்ல குடும்பம் எண்டு சொல்லியிருக்கிறன்." பிறகு பேனையை நீட்டினார். நான் அதை வாங்கினேன்.

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார். பள்ளிக்கூட மண்டபத்தில் கதிரை போட்டு ஊரே இருந்தது. என்னை எழும்பச் சொன்னார்கள்.

"பிள்ளைக்கு முதலே ஏதும் மூச்சு வருத்தம் இருந்ததோ அம்மா?"

"இல்லை சேர். அண்டைக்குப் புகைக்குள்ளாலை கொண்டு போனதாலை வந்தது."

என் குரல் தெளிவாக இருந்தது. அதுதான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியாதது. நடுங்கக்கூட இல்லை.

அதிகாரி ரீச்சரின் பக்கம் திரும்பினார். "தாய் சொல்லுறதுக்கு நீங்கள் என்ன சொல்லுறியள்?"

ரீச்சர் எழும்பி, பையைத் திறந்து, அந்த உறையை எடுத்தார். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. "சேர், பதில் இதுக்குள்ளை இருக்கு. ஆனால் தாயைக் கேளாமல் காட்டமாட்டன் எண்டு சொல்லித்தான் வாங்கினனான். அவ ஓமெண்டால் தாறன்."

பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பெயர் கேட்கும்போது இருக்கிற முகம்தான்.

"காட்டட்டோ, தங்கச்சி?"

தர்மகர்த்தா என்னைப் பார்க்காமல் சால்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். எனக்குப் பின்னால் மச்சாள் மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. அந்த உறைக்குள் என்ன இருக்கும் என்று அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் அந்த நிமிசத்தில் விளங்கிவிட்டது. நான் ஓம் என்றாலும் ஒன்றுதான், இல்லை என்றாலும் ஒன்றுதான். அது எனக்கும் விளங்கியது.

"வேண்டாம்" என்றேன்.

ரீச்சர் உறையைத் திரும்பப் பையில் வைத்துப் பையை மூடிவிட்டு இருந்தார். அதிகாரி தன் கொப்பியைத் திறந்தார். பிறகு ஏதோ எழுதினார். எல்லாரும் எழும்பி வந்து தேத்தண்ணி குடித்தோம். அந்த உறையைப் பற்றி ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. தெரிந்த உண்மையைத் தெரியாததுபோல வைத்துக்கொண்டு ஒருவரோடு ஒருவர் சிரிக்க எங்கள் ஊருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

இடமாற்றக் கடிதம் கிழமை இரண்டு கழியமுதல் வந்தது.

போகிறதற்கு முதல் நாள் ரீச்சர் எங்கள் படலையடிக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. உறையை என் கையில் தந்தார்.

"இது உங்கடை. பள்ளிக்கூடத்திலை விட்டிட்டுப் போகேலாது. புதுசா வாறவவுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. சொல்லுறது உங்கடை கையிலை."

"ரீச்சர், என்னை..." என்று தொடங்கினேன்.

"பிள்ளை நிக்கிறாவோ?" என்று கேட்டார்.

சின்னவள் ஓடிவந்தாள். அவளை வேலியோரம் கூட்டிக்கொண்டு போய்க் குனிந்து ஏதோ சொன்னார். சின்னவள் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அந்த உறையை அன்றைக்கே அடுப்பில் போட்டேன்.

சுவிஸ் சம்பந்தம் நடக்கவில்லை. சாதகம் பொருந்தவில்லையாம். அதையும் ஒருவரும் வந்து சொல்லவில்லை; புறோக்கர் எங்கள் றோட்டால் வருவதை நிறுத்தினார், நாங்களாக விளங்கிக்கொண்டோம். பிறகு கனடாவில் ஒரு இடம் பேச்சு வந்தது. ஆகவே புது வகுப்பாசிரியரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. படிவம் என்று ஒன்று பிறகு வரவும் இல்லை. கேட்கிற ஆள் போய்விட்டார் அல்லவா.

ஒரு நாள் சின்னவள் பள்ளிக்கூடத்தால் வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "அம்மா, நான் எங்கடை புது ரீச்சரிட்டைச் சொல்லிப்போட்டன்" என்றாள்.

"என்னத்தை?"

"எனக்குத் தொய்வெண்டு. வகுப்பிலை எல்லாருக்கும் கேக்கத்தான் சொன்னனான். எனக்கு இழுத்தால் ஆர் ஓடி வாறது எண்டு ரீச்சர் இரண்டு பிள்ளையளை விட்டிருக்கிறா."

"உன்னை ஆர் சொல்லச் சொன்னது?"

"பழைய ரீச்சர். தான் அம்மாவுக்கு வாக்குக் குடுத்திட்டாவாம், தான் சொல்லேலாதாம். 'நீ ஒருத்தருக்கும் வாக்குக் குடுக்கேல்லைத்தானே?' எண்டு கேட்டவ. நான் இல்லை எண்டனான்."

நான் அவளுக்கு அடித்தேன். ஒரு அடி இல்லை. மூத்தவள் ஓடிவந்து மறிக்கும்வரை அடித்தேன். அந்த மண்டபத்தில் நின்றபோது வராத நடுக்கம் அப்போது எனக்கு வந்தது. சின்னவள் குழறி அழுதாள். அழுகைக்குள் மூச்சு இழுபடத் தொடங்கியது. எனக்குத் தெரிந்த சத்தம்தான் அது. ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தேன். கூறைச்சேலையை இழுத்து எறிந்தேன், அதற்குப் பின்னால் கை விட்டுத் துழாவினேன். இல்லை. மற்றச் சேலைகளையும் இழுத்துக் கொட்டினேன். இல்லை. மூத்தவள் தங்கச்சியைப் பிடித்தபடி, "கெதியாய் அம்மா!" என்று கத்தினாள்.

"பைக்குள்ளை" என்றாள் சின்னவள், இரண்டு மூச்சுக்கு நடுவில்.

புத்தகப்பையின் முன் பொக்கற்றில் இருந்தது பம்ப். அவள் அதை அலுமாரியிலிருந்து எடுத்து எத்தனை நாளாயிற்று என்று எனக்குத் தெரியாது.